புறாச் சத்தம் கேட்காத காலை

அறுபத்து மூன்றாம் வருஷம் என்று நினைவு. சித்திரையில் ஆரம்பித்து ஐப்பசி வரை நான் கட்டிலிலேயே கிடந்த வருஷம் அது. எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். எனக்கு இருபத்து நான்கு வயது. அதற்கு முன்னால் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது உண்டானதும் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அங்கே இருந்த லேடி டாக்டர் என் மாமியாரைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கட்டிலை விட்டு இறங்கி நடந்தால் இதுவும் தங்காது என்று.

கொல்லைப் பக்கத்து அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டார்கள். ஜன்னல் கொஞ்சம் உயரம். படுத்தபடி பார்த்தால் ஒரு துண்டு வானமும் வேப்பமரத்தின் ஒரு கிளையும் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் காலையிலேயே காட்டுக்குப் போய்விடுவார்கள். தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர், ஒரு கிண்ணத்தில் கஞ்சி. மத்தியானம் மாமியார் வரும்வரை பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. காதை மட்டும் வைத்துக்கொண்டு பொழுதை ஓட்ட வேண்டும்.

முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. காக்காயையும் குயிலையும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து கிராமத்தில்தான் இருக்கிறேன், ஆனால் வேலைக்கு நடுவில் எந்தக் குருவி எப்படிக் கத்துகிறது என்று யார் கேட்டார்கள்?

எங்கள் வீட்டில் சாணி அள்ளி, தொழுவம் கூட்டி, காட்டு வேலைக்கும் வந்துகொண்டிருந்த ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் அவளுக்கும். அவளை நான் "ஏய், வாடி, போடி" என்பேன். அவள் என்னை "ஆத்தா, வாங்க, போங்க" என்பாள். அவர்கள் சாதி ஆட்கள் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. அன்றைக்கு அப்படித்தான் வைத்திருந்தோம். அதைத் தப்பு என்று நான் நினைத்ததுகூட இல்லை. அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். அம்மா வேலை செய்யும்போது அந்தப் பிள்ளை கொல்லையில் சுற்றித் திரியும்.

ஒரு நாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. கவிழ்ந்து கிடந்த உரல் மேல் ஏறி நின்றுகொண்டு அந்தப் பிள்ளை என்னையே பார்த்தது. பொழுது போகாமல் நான், "அங்க கூப்கூப்னு கத்துதே, அது என்னா?" என்று கேட்டேன். "செம்போத்துங்க. அதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. எனக்குக் காது, அவளுக்குக் கண். சத்தத்தைக் கேட்டு நான் சொல்ல வேண்டும், அவள் மரத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வாள். விடிவதற்கு முன்னால் முதல் சத்தம் கரிச்சானுடையது. முருங்கை மரத்தில் கொண்டைக்குருவி. அடுப்பங்கரைத் தண்ணீர் தேங்கும் வாழையடியில், கட்டைவிரல் அளவே இருந்துகொண்டு ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்துவது தையல்சிட்டு. ஏழெட்டாகச் சேர்ந்து சண்டைக்காரிகள் மாதிரிக் கூச்சல் போட்டுக்கொண்டு சருகைக் கிளறுவதும் சிந்தின தானியத்தைப் பொறுக்குவதும் தவிட்டுக்குருவி. புறாவிலேயே இரண்டு உண்டு என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். மணிப்புறா இழுத்துக் கூவும். கள்ளிப்புறா உள்ளுக்குள்ளேயே சிரிக்கிற மாதிரி முனகும்.

ஒரு தடவை "வல்லூறு வந்துருச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் உரல் மேல் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். "அது கரிச்சானுங்க ஆத்தா! வல்லூறு மாதிரி கத்தி மத்த குருவிய ஏமாத்துது. நீங்களும் ஏமாந்துட்டீங்க!" நான் தப்பாகச் சொன்னால் அவளுக்கு அத்தனை சந்தோஷம். ஜன்னல் கம்பி வழியாக ஒரு துண்டு வெல்லமோ கடலையோ கொடுப்பேன். வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். அந்த மூன்று மாதமும் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது அவளால்தான்.

ஆடி பிறந்தது. கடலை விதைக்கிற நேரம். விதைக்கு என்று உரித்து வைத்திருந்த பருப்பு கொல்லைக் கொட்டகையில் இருந்தது. எலி மூட்டையை ஓட்டை போட்டுத் தின்ன ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போய் ஏதோ ஒரு மருந்து வாங்கி வந்தார். பயிருக்கு அடிக்கிற மருந்து, எலிக்கும் நன்றாகக் கேட்கும் என்று கடையில் சொன்னார்களாம். அதைக் குருணை அரிசியில் பிசைந்து, சாயங்காலம் கொட்டகையைச் சுற்றியும் வேலி ஓரமும் தூவினார். அந்த வாடை என் அறை வரைக்கும் வந்தது. கோழிகளை எல்லாம் பஞ்சாரத்தைப் போட்டு மூடச் சொன்னார். "ரெண்டு நாளைக்கு யாரும் கொல்லைப் பக்கம் போகப்படாது" என்று வீட்டில் இருந்த எல்லாரிடமும் சொன்னார். வேலைக்கு வருகிற அவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் விடிகாலையில் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தேன். கரிச்சான் கத்தியது. தையல்சிட்டு கத்தியது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. புறாச் சத்தம் இல்லை. தவிட்டுக்குருவிக் கூட்டம் வரவில்லை. அடைக்கலாங்குருவிகூட இல்லை. யார் யார் வரவில்லை என்று என்னால் சொல்ல முடிகிறதே என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பிள்ளை வந்தால் சொல்லிக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புழு பூச்சி தின்பவை கத்துகின்றன, தானியம் பொறுக்குபவை கத்தவில்லை என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

விதைப்பு நாள் ஆகையால் எல்லாரும் சீக்கிரமே காட்டுக்குப் போய்விட்டார்கள். பிள்ளையின் அம்மாவும் தொழுவத்தைக் கூட்டிவிட்டுக் கூடவே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் அந்தத் தலை தெரிந்தது.

"ஆத்தா, இங்கிட்டுப் பாருங்க!"

இரண்டு கையிலும் புறாக்கள். காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். நான்கோ ஐந்தோ இருக்கும். கழுத்தெல்லாம் துவண்டு தொங்கியது. "வேலி ஓரத்துல கெடந்துச்சுங்க. எடுத்துக்கவா? கறிக்கு ஆகும்" என்றாள். முகம் எல்லாம் சிரிப்பு. அவர்கள் வீட்டில் கறி என்பது எப்போதோ ஒரு நாள்தான்.

மூன்று மாதமாகத் தினமும் கேட்ட குரல்கள் அவை. "சீ, என் கண்ணுல காட்டாத. எங்கிட்டாவது எடுத்துட்டுப் போ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உரலிலிருந்து குதித்து ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் புறாக்களுக்காக அழுதுகொண்டு கிடந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். பஞ்சாரத்துக்குள் அடைபட்ட கோழிகள் கொக்கரித்தன. இதுகளை ஏன் இன்னும் திறந்துவிடவில்லை என்று நினைத்தேன். நினைத்த அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன். அங்கேயும் யாரும் இல்லை. அவர்கள் குடிசை கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம். நல்ல நடையாகப் போனால் கால் மணி நேரம் ஆகாது. காலைத் தரையில் வைத்தேன். டாக்டர் சொன்னது காதில் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பிறகு காலைத் தூக்கி மறுபடி கட்டில்மேல் வைத்துக்கொண்டேன்.

அதற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் இன்றைக்கும் நினைவிருக்கின்றன. சின்னப் பிள்ளை, அதுவாகச் சமைத்தா தின்னப்போகிறது? அம்மா சாயங்காலம் வந்துதான் உலை வைப்பாள். அதற்குள் மாமியார் வந்துவிடுவார், சொல்லிவிடலாம். இப்படி நினைத்து நினைத்து, வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி என் காலுக்கு வரும்வரை கிடந்தேன்.

மாமியார் மத்தியானம் கஞ்சிக் கலயத்தை எடுக்க வந்தார்.

"அயித்த, கொல்லையில செத்துக் கெடந்த புறாவ அந்தப் புள்ள எடுத்துட்டுப் போயிருச்சு."

அவர் முகம் மாறிவிட்டது. "அடியே, எப்ப?"

"இப்பத்தான்" என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் பொய்தான். மாமியார் கலயத்தை அப்படியே போட்டுவிட்டு, அந்த வயதில், வெயிலில் ஓடினார்.

அந்தப் பிள்ளை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பனையோலையைக் கொளுத்தி, குடிசைக்குப் பின்னால் தானே சுட்டுத் தின்றிருக்கிறது. குடலைக்கூடச் சரியாக எடுக்கவில்லையாம். மாமியார் போனபோது வாயில் நுரை தள்ளிக் கை கால் இழுத்துக்கொண்டு கிடந்ததாம். காட்டிலிருந்து ஆள் வந்து, வண்டி பூட்டி, பஸ் வரும் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். ரோடு வரைக்கும்கூட உயிர் தாங்கவில்லை.

ஊரில் பூச்சி கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள், பெற்றவளுக்கு மட்டும் புறாவைத் தின்றது தெரியும். என் வீட்டுக்காரர் மிச்சம் இருந்த குருணையைக் குழி தோண்டிப் புதைத்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பதினாறு நாள் கழித்துப் பிள்ளையின் அம்மா மறுபடி வேலைக்கு வந்தாள். வராமல் இருக்க அவளால் முடியாது. ஜன்னலுக்கு வெளியே விளக்குமாற்றுச் சத்தம் கேட்டதும் "இங்க வாடி" என்று கூப்பிட்டேன். வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் பாதியாக வற்றியிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "எல்லாம் என்னாலதான் ஆத்தா. விதைப்புக்கு நேரமாச்சுன்னு அன்னிக்குக் கஞ்சி காய்ச்சி வைக்காமப் போயிட்டேன். பசியில தின்னுருச்சு. பச்சப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்? பெத்தவ நான் பாத்துக்கலையே."

பிள்ளை வேலி ஓரத்திலிருந்து நேரே குடிசைக்குப் போய்விட்டது என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து காட்டியது அவளுக்குத் தெரியாது. எடுத்துப் போ என்று நான் சொன்னதும் தெரியாது. விளங்கிய பிறகும் நான் அத்தனை நேரம் படுத்துக் கிடந்ததும் தெரியாது. "அழுவாதடி" என்று மட்டும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வெசனப்படாதீங்க ஆத்தா, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கூட்டப் போய்விட்டாள்.

ஐப்பசியில் எனக்கு மகன் பிறந்தான். நல்லபடியாக வளர்ந்தான். பள்ளிக்கூடம் போனான். பிள்ளையைப் பறிகொடுத்த அவள் அவனைக் கொல்லையில் வைத்துத் தூக்கிக் கொஞ்சுவாள். அவனுக்கு ஏழு வயது ஆனபோது ஒரு நாள் அவனையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவளுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. பதினோரு வருஷம் எங்கள் வீட்டிலேயே வேலை பார்த்தாள். காலையில் கஞ்சி குடிக்க உட்காரும்போதெல்லாம் முதல் வாயை எடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

இதை இதுவரை என் மகனிடம்கூட நான் சொன்னதில்லை. அன்று கட்டிலிலேயே கிடந்ததற்காவது டாக்டர் சொன்னதையும் வயிற்றில் இருந்த பிள்ளையையும் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பத்தடி நடந்து போய், "ஒன் மேல தப்பில்லடி, என் மேலதான்" என்று அவளிடம் சொல்லாமல் கழித்த பதினோரு வருஷத்துக்கு எந்தக் காரணமும் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.