ரெஜினா என்று எழுதிய நாற்பது மூடிகள்

லண்டனில் ரெய்னர்ஸ் லேனிலிருந்து பையோடு நடந்துகொண்டிருந்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்த அன்ரன் என்னைப் போகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த அறையில் இருக்க முடியவில்லை.

மன்னாரிலிருந்து மனைவி ரெஜினா லண்டன் வந்து சேரும்வரை குடிப்பதில்லை என்று அன்ரன் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தான். விசா கிடைத்ததும், அவள் வரும் நாளில் கூட்டாளிகளுக்குக் கொடுக்க வீட்டிலேயே பியர் காய்ச்சிப் போத்தலில் அடைத்தான்.

"மூடியில அவளின்ர பேர் வேணும். அச்சடிச்சு வாங்கக் கட்டாதடா" என்றான்.

வெறும் மூடிகளில் அழியாத பேனாவால் 'ரெஜினா' என்று எழுதி, மேலே நிறமில்லாத நகப்பூச்சுத் தடவினேன். தண்ணீரில் ஊறவைத்தும் ஓரெழுத்தும் கலையவில்லை. பெருமை தாங்காமல், அன்ரனிடம் கேட்காமலே, மூடிய பியர்ப் போத்தல்களை வரிசையாக வைத்துப் படமெடுத்து ரெஜினாவுக்கு அனுப்பினேன்.

அவளுடைய தகப்பன் குடித்தே செத்தவர் என்பது எனக்குத் தெரியாது.

உடனே அன்ரனை அழைத்தாள். "மாதாவையே ஏமாத்தின நீர் என்னை ஏமாத்தமாட்டீரோ? நான் வரமாட்டன்."

"ஒரு சொட்டும் குடிக்கேல்லையடி!" என்று அவன் கெஞ்சினான்.

அவள் ஏறவேண்டிய விமானம் அவளில்லாமலே வந்தது. அன்றுதான் அன்ரனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ வடிவாத்தான் எழுதினனி, மச்சான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றிரவே பையோடு வெளியேறி, மறுநாள் காலை குரோய்டனில் ஒரு பப்பைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். தரையில் கிடந்த மூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் அள்ளினேன்.