தெற்கு வீதியின் பின்னூட்டங்கள்

வலைப்பூ எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. பதிவு போட்ட ஐந்தாவது நிமிஷத்திலிருந்து பின்னூட்டம் வந்திருக்கிறதா, வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. நான் மருந்துக் கம்பெனி ரெப். கடலூர் செம்மண்டலத்தில் வீடு, பண்ருட்டியிலும் சிதம்பரத்திலும் டாக்டர்கள். டாக்டர் அறைக்கு வெளியே பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போதும் மனசு ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில்தான் கிடக்கும். நாற்பது பின்னூட்டம் வந்தால் நான் ராஜா. ஒன்றும் வராவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

வருகிற பின்னூட்டங்களின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று ஒருவர். "ரிப்பீட்டு" என்று இன்னொருவர். படிக்காமலே "அருமை, தொடருங்கள்" என்று ஊர் முழுக்க ஒட்டிவிட்டுப் போகும் புண்ணியவான் ஒருவர் இருந்தார். யாரோ தன் அப்பா இறந்ததை எழுதியதற்குக் கீழேயும் அதையே ஒட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார். நானும் யோக்கியன் இல்லை. எனக்குப் போட்டவருக்குத்தான் நான் போடுவேன். என் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் வீட்டுக்கு நான் போவேன், வராதவர் வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

நான் எழுத ஆரம்பித்தது 2005-ல். செம்மண்டலத்தான் என்று பெயர். பண்ருட்டியிலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் ஒரு முழுப் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த அம்மாவைப் பற்றியது என் முதல் பதிவு. பஸ் முழுக்க வாசனை, கண்டக்டரோடு சண்டை என்று நன்றாகத்தான் எழுதியிருந்தேன். இருபத்து மூன்று நாள் ஈ, காக்கா வரவில்லை. கடையைச் சாத்திவிடலாம் என்று உட்கார்ந்த அன்று, பெயர் இல்லாத ஒருவர் மூன்று வரி எழுதியிருந்தார். "அந்த அம்மா இறங்கும்போது யாராவது கை கொடுத்தார்களா? பழம் மடியில் இருந்தால் தனியாக எழுந்திருக்க முடியாதே. அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே." கை கொடுத்தது நான்தான். பீற்றிக்கொள்வதாக ஆகிவிடும் என்று விட்டிருந்தேன். அதைச் சொல்லவே இரண்டாவது பதிவு எழுதினேன். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. யாரோ பெரிய மனுஷர், பேராசிரியராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் கூட்டத்துக்கு நடுவில் "தெற்கு வீதி" என்ற பெயரில் ஒருவர் பின்னூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சொந்தமாக வலைப்பூ கிடையாது. பெயரைச் சொடுக்கினால் வெறும் பக்கம் வரும். ஆனால் ஒரு பதிவைப் படித்தார் என்றால், எழுதியவனே கவனிக்காததை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். மஞ்சக்குப்பத்தில் டியூஷன் சென்டர் நடத்தும் சார்லஸ் தன் சைக்கிள் திருடுபோன கதையை நகைச்சுவையாக எழுதியிருந்தார். எல்லோரும் சிரிப்பான் பொம்மை போட்டுவிட்டுப் போனோம். தெற்கு வீதி மட்டும், "மறுநாள் நடந்தே சென்டருக்குப் போனேன் என்று ஒரு வரி வருகிறது. சைக்கிளில் போகும்போது பார்க்காத யாரையாவது அன்றைக்குப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பதிலாக சார்லஸ் எழுதியதுதான் இன்றுவரை அவருடைய நல்ல பதிவு.

2008-ல் சிதம்பரத்திலிருந்து "மெஸ் சாம்பார்" என்று ஒரு புது வலைப்பூ வந்தது. எழுதுவது ஹாஸ்டலில் படிக்கும் ஒரு பெண் என்பது தெரியும், பெயர் தெரியாது. நன்றாக எழுதினாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மூன்று வருஷமாக மாங்கு மாங்கென்று எழுதி நான் வாங்காத பெயரை மூன்றே மாசத்தில் வாங்கிவிட்டாள். அவளுடைய ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் தெற்கு வீதி பத்து வரி எழுதினார். என் பக்கம் எப்போதாவது வந்து இரண்டு வரி.

அப்போதுதான் அவள் பிச்சாவரம் போய்வந்ததை எழுதினாள். தோழிகள் ஏழு பேர் படகில் போனார்களாம், படகுக்காரர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லையாம், உர்ரென்றே இருந்தாராம். தெற்கு வீதி கேட்டிருந்தார்: "ஏழு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் அவர் எப்படிப் பேசுவார்?" அவள் பதிவில் எங்கேயும் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று இல்லை. நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். அவளோ, "ஐயோ, ஆமாம்! எப்படித் தெரியும்?" என்று பதில் போட்டிருந்தாள்.

எனக்குப் பொறி தட்டியது. என் வலைப்பூவில் யார் எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறார்கள் என்று எண் காட்டும் ஒரு கருவி வைத்திருந்தேன். தோண்டினேன். ஒரே நாளில், பத்து நிமிஷ இடைவெளியில், மெஸ் சாம்பாரும் தெற்கு வீதியும் என் பதிவுக்குப் பின்னூட்டம் போட்டிருந்தார்கள். எண் ஒன்றேதான். விடுவேனா? "சாம்பாருக்குத் தானே தாளித்துக்கொள்ளும் பெண்" என்று தலைப்பு வைத்து, அந்த எண்களைப் படம் பிடித்து, அம்புக்குறி போட்டு, தெற்கு வீதி என்று ஓர் ஆளே கிடையாது, அந்தப் பெண்தான் தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிறாள் என்று எழுதிவிட்டேன். இருநூற்றுப் பதினேழு பின்னூட்டம் வந்தது. அன்றைக்கு இரண்டு வேளைச் சோறு கூடுதலாகவே இறங்கியது.

எங்கள் பதிவர்கள் இருக்கிறார்களே, ஒருவனைத் தூக்கிவைக்க யோசிப்பார்கள், இறக்க யோசிக்க மாட்டார்கள். தெற்கு வீதி எழுதியதை யாரும் தங்கள் பக்கத்தில் அனுமதிக்கவில்லை. பழைய பின்னூட்டங்களையும் தேடித் தேடி அழித்தார்கள். அழித்ததில் முதல் ஆள் நான். அவருக்கென்று ஒரு பக்கம் கிடையாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு மேலாக எழுதியது முழுவதும் அடுத்தவர் வீட்டுச் சுவரில் இருந்தது. நாங்கள் வெள்ளையடித்தால் அவர் எழுதினார் என்பதற்கே அடையாளம் இருக்காது.

இதற்குப் பிறகு சிதம்பரத்தில் நடந்ததை எனக்குப் பின்னால் சொன்னார்கள்.

தெற்கு வீதியில் சடையப்பன் என்பவருடைய ஜெராக்ஸ் கடை, உள்ளே ஆறு கேபின் வைத்த பிரவுசிங் சென்டர். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் தில்லையம்மாள். வயது நாற்பது இருக்கும். பிளஸ் டூவோடு டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். ஜெராக்ஸ் எடுப்பது, வருகிறவர் பெயரை நோட்டில் எழுதுவது, நேரம் முடிந்தால் கேபின் கதவைத் தட்டுவது அவர் வேலை. மத்தியானம் கூட்டம் இல்லாதபோது ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்துகொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். எழுத நினைப்பதை முதலில், கேபின் காலி இல்லாத நேரத்தில், கோணலாக விழுந்து வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிவைத்துக்கொள்வார். அடித்து, திருத்தி, மறுபடி எழுதி, பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்.

என் பதிவு வந்த இரண்டாம் வாரம், நாலாம் நம்பர் கேபினில் ஒரு பெண் வெகு நேரமாக எழுந்திருக்கவில்லை. தில்லையம்மாள் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். பெண் அழுதுகொண்டிருந்தாள். திரையில் மெஸ் சாம்பார். வலைப்பூவை அழிக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டு நின்றது.

"ஏம்மா, இது ஒன்னோடதா?"

"ஆமாக்கா. மூடிடப் போறேன். தெற்கு வீதின்னு ஒருத்தரு எனக்கு நல்லா எழுதுவாரு. அவரும் நாந்தான்னு ஒருத்தன் எழுதிட்டான். நாந்தான் எனக்கே எழுதிக்கிறனாம்."

"அந்த ஒருத்தரு நாந்தாம்மா. கைய எடு மொதல்ல, தெரியாம அமுக்கித் தொலைக்கப் போற."

அந்தப் பெண், அனுப்பிரியா, நாற்காலியோடு திரும்பி அவரைக் கட்டிக்கொண்டாளாம். ஆறு மாசமாகத் தினமும் தில்லையம்மாளே நோட்டில் பெயர் எழுதி, "நேரமாச்சும்மா" என்று எழுப்பி அனுப்பிய பெண்தான் அவள். வெளியே இருந்து சடையப்பன், "அங்க என்னா சத்தம்?" என்று கத்தினாராம்.

பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு, 2009. மஞ்சக்குப்பத்தில் சார்லஸின் டியூஷன் சென்டரில் பதிவர் சந்திப்பு. பதினெட்டுப் பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தோம். போண்டா இல்லாத பதிவர் சந்திப்பு அந்தக் காலத்தில் கிடையாது. துப்பறிந்த பெருமையில் நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு பெண்மணி, ஒரு கல்லூரிப் பெண், இரண்டு கையிலும் ஜவுளிக்கடைப் பைகளோடு ஒரு மனிதர், மூவரும் உள்ளே வந்தார்கள்.

"வணக்கங்க. நாந்தான் தெற்கு வீதி. பேரு தில்லையம்மா. நான் இல்லவே இல்லன்னு எழுதியிருந்தாங்களாம். அதான் ஒரு எட்டு வந்து காட்டிட்டுப் போலாம்னு."

ஒருவரும் போண்டாவை மெல்லவில்லை. நான் விட்டுக்கொடுப்பேனா? எழுந்தேன்.

"யார் வேணும்னாலும் வந்து நாந்தான்னு சொல்லலாம்மா. ஏழு பேரும் ஒரே பக்கம் ஒக்காந்தாங்கன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"போட்டோ போட்டிருந்தாங்களே தம்பி. ஒரு பக்கம் விளிம்பு தண்ணியத் தொட்டுக்கிட்டு நிக்கிது. அப்பிடி சாஞ்சா துடுப்பு போடுறவரு மூச்சப் புடிச்சிக்கிட்டு இருப்பாரா, கத பேசுவாரா? எங்க வூட்டுக்காரரு பதினாறு வருசமா பிச்சாவரத்துலதான் துடுப்பு போடுறாரு."

பை வைத்திருந்த அவர் கணவர் உத்திராபதி தலையை ஆட்டினார். "பேசனா கவுந்துடும் சார்."

கூட்டம் சிரித்தது. அனுப்பிரியா தன் பெயரைச் சொல்லி, "ரெண்டு பேரும் ஒரே சென்டரு சார். நான் கேபின்ல, அக்கா கவுண்டர்ல. நம்பர் ஒன்னாத்தானே காட்டும்?" என்றாள். எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் வாய் அடங்கவில்லை. "ஒரே கடையா இருக்கட்டும். அத்தினியும் இவுங்கதான் எழுதுனாங்கன்னு என்னா ஆதாரம்?"

தில்லையம்மாள் கணவரைப் பார்த்தார். உத்திராபதி இரண்டு பைகளையும் சார்லஸின் மேஜையில் கவிழ்த்தார். "ஊரான் வூட்டு கதைக்கெல்லாம் நீ ஏன் பதில் எழுதிக்கிட்டுக் கெடக்குறன்னு கேப்பேன் சார். இது எவ்ளோ கனம்னு இன்னிக்கு பஸ்ல தூக்கியாறப்பதான் தெரிஞ்சிது" என்றார்.

எல்லாம் ஜெராக்ஸ் தாள்கள். முன்பக்கம் யாருடையதோ பாதி விழுந்த ரேஷன் கார்டு, கறுப்படித்த மார்க் ஷீட். பின்பக்கம் நீல மையில் பின்னூட்டங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் வலைப்பூவின் பெயர், தேதி. வலைப்பூ வாரியாக ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். சார்லஸ் ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார்.

"அட, இது என் சைக்கிள்! 'பார்க்காத யாரையாவது'ன்னு கேட்டது... அதுக்கு முன்னாடி என்னமோ எழுதி அடிச்சிருக்கீங்களேம்மா?"

"மொதல்ல ஒரு கிண்டல் எழுதுனேன். ஒங்களுக்கு வலிக்குமோன்னு அடிச்சிட்டேன்."

அவ்வளவுதான், மற்ற பதிவர்களும் மேஜைக்குப் பாய்ந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அப்படி ஒரு தள்ளுமுள்ளு பார்த்ததில்லை. "இது எனக்கு", "இது என் பாட்டி பதிவுக்கு", "இத நான் அழிச்சிட்டேனே" என்று ஆளாளுக்குச் சத்தம். அழித்தவர்கள் அழித்ததைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிந்தார்கள். ஒருவர், "இத நான் எடுத்துக்கவா? வூட்டுக்குப் போனதும் திரும்பப் போட்டுடுறேன்" என்று கெஞ்சினார். "படிச்சிட்டுக் குடுத்துடணும். எங்கிட்ட வேற காப்பி இல்ல" என்றார் தில்லையம்மாள். ஜெராக்ஸ் கடைக்காரர் அப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள். அவரும் சிரித்தார். அப்படி ஒரு நிமிர்ந்த சிரிப்பை நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் மேஜைப் பக்கம் போகவில்லை. அவரே ஒரு மெல்லிய கட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

"செம்மண்டலத்தான் நீங்கதானே தம்பி? ஒங்களுது கொஞ்சந்தான் இருக்கு."

மேலே இருந்தவற்றைப் புரட்டினேன். அடியில் பழுப்பேறிய ஒரு தாள். 2005 ஜூலை. "அந்த அம்மா இறங்கும்போது யாராவது கை கொடுத்தார்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"இதுல பேரே இல்லியேம்மா..."

"அப்ப பேரு போடத் தெரியாதுங்க. நான் மொதமொதல்ல யாருக்காவது எழுதுனது அதான். போட்டுட்டு, பதில் வருதான்னு தெனம் வந்து பாப்பேன். நாந்தான் கை குடுத்தேன்னு நீங்க அடுத்த பதிவு எழுதுனீங்க பாருங்க, அதப் படிச்சிட்டுத்தான், சரி, நாம கேட்டா நாலு பேரு பதில் சொல்லுவாங்கன்னு எல்லாருக்கும் எழுத ஆரம்பிச்சேன்."

நான் எல்லோருக்கும் நடுவில் அவரிடமும் அனுப்பிரியாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். சார்லஸ் கை தட்ட ஆரம்பித்தார். அறை முழுக்கக் கை தட்டியது எனக்காக இல்லை, அந்த அம்மாவுக்காக. உத்திராபதிக்கு யாரோ நான்காவது போண்டா வைத்தார்கள்.

அந்த வாரமே தெற்கு வீதியின் பழைய பின்னூட்டங்கள் ஒவ்வொரு வலைப்பூவிலும் திரும்ப ஏறின. அவற்றுக்குக் கீழே தில்லையம்மாள் என்று பெயரும் போட்டார்கள். மெஸ் சாம்பாரில் அனுப்பிரியா, அன்றைக்குப் பேசாத அந்தப் படகுக்காரரைத் தேடிப் போய்ப் பேசி ஒரு பதிவு எழுதினாள். நான் "தெற்கு வீதி இருக்கிறார்" என்று தலைப்பு வைத்து மன்னிப்புப் பதிவு எழுதினேன். என் பொறாமை, என் துப்பறிதல், பலாப்பழம், எல்லாவற்றையும் உருகி உருகி எழுதி ஏற்றிவிட்டு, வழக்கம்போல ஐந்தாவது நிமிஷம் பார்த்தேன். முதல் பின்னூட்டம் வந்திருந்தது.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. பலாப்பழ அம்மா மறுபடி வந்தது சந்தோஷம். ஆனால் உங்களால் அழுதது நான் இல்லை, அனுப்பிரியா. அவள் பெயர் பதினோராவது பத்தியில்தான் வருகிறது. முதல் வரிக்குக் கொண்டு வந்தால் என்ன?"

பதிவைத் திறந்து, முதல் வரியில் அவள் பெயரை எழுதினேன்.