வழுக்கி விழுந்ததாக நான் எழுதிய மனிதர்

பதுளையில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனியின் மக்கள் தொடர்புப் பிரிவில் மூன்று வருடம் வேலை செய்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள், தமிழ் நன்றாக எழுதுவாள் என்றுதான் என்னை எடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சப்பாத்து கொடுத்தது, கண் பரிசோதனை நடத்தியது என்று படத்தோடு முகநூலில் போடுவேன். அதில் எனக்குப் பெருமைதான்.

ஒரு நாள் கொஸ்லந்தைப் பக்கத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், வெளிக்கள அதிகாரி ஒரு பெண்ணைக் கெட்ட வார்த்தையில் ஏசினார். அவள் புருஷன் தட்டிக் கேட்டார். அதிகாரி மண்வெட்டிப் பிடியால் அவரை அடித்தார். விழுந்த பிறகும் விடவில்லை. கை இரண்டு இடத்தில் முறிந்தது. முன்பற்கள் போய்விட்டன.

கம்பெனியில் என் மேலதிகாரி எனக்குப் போன் செய்தார். “மழையில வழுக்கி விழுந்துட்டாருன்னு போடுங்க.”

நான் எதுவும் கேட்கவில்லை. எழுதினேன். அவர் விரைவில் குணமடைய நிர்வாகம் பிரார்த்திக்கிறது என்ற வரியை நானாகவே சேர்த்தேன்.

மறுநாள் பழக்கூடையோடும் படம் எடுப்பவரோடும் அவர் குடும்பத்தைப் பார்க்க என்னை லயத்துக்கு அனுப்பினார்கள். அவர் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய மனைவி வாசலுக்கு வந்தாள்.

“போன்ல எழுதுனது நீங்களா மிஸ்?”

“ஆமாங்க. பிரச்சின பெருசாகக் கூடாதுன்னுதான்...”

முடிப்பதற்குள் அறைந்தாள். “எம் புருசன் வழுக்கியா விழுந்தாரு? நீ பாத்தியா? சொல்லு, பாத்தியா?” என் தலைமயிரைப் பிடித்து வேன் கதவில் மோதினாள். ஒரு தடவை இல்லை. கேமரா உடைந்தது. கல் பறந்து கண்ணாடி நொறுங்கியது. டிரைவர் என்னை உள்ளே இழுத்துப் போட்டபோது ஒரு கண் முழுக்க இரத்தம்.

பதுளை ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். மேலதிகாரி மறுபடி போன் செய்தார். “காரணமே இல்லாம தாக்குனாங்கன்னு பொலிஸ்ல சொல்லுங்க. கட்டோட ஒரு படம் அனுப்புங்க, போடலாம்.”

தையல் போடும்போதுகூட அழாதவள், அப்போது அழுதேன்.

அவர் இருந்த ஆண்கள் வார்டுக்கு நடந்துபோனேன். அவர் வாய் வீங்கிக் கிடந்தது. என் கட்டைப் பார்த்ததும் நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது.

“அவளப் புடிச்சிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லைங்க. நான் சொல்லல.”

பொலிஸ் வந்தபோது, எனக்கு முறைப்பாடு இல்லை என்றேன். வழுக்கி விழுந்தார் என்பதை நான் பார்க்கவில்லை, எழுதச் சொன்னார்கள், எழுதினேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். அந்த வாரமே வேலை போனது. வெளிக்கள அதிகாரியைக் கைது செய்து பிணையில் விட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. முறிந்த கை நேராகவில்லை. அவரால் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட முடியாது.

நான் இப்போது வெலிமடையில் ஒரு மரக்கறிக் கடையில் இருக்கிறேன். வழக்குத் தவணைக்குச் சாட்சியாகப் போவேன். போன தவணையில் கோர்ட் வாங்குப் பலகையில் இடம் இருக்கவில்லை. அவர் மனைவி சற்று நகர்ந்து, “உக்காருங்க” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன்.