ரயில் சத்தம் பிடிக்கும் பிரேமலா

மலேசியாவில், குளுவாங் ஊரில் பிரேமலாவைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். செனாயில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் வேலை பார்த்தவள் என்பது ஒன்று. இன்னொன்றைச் சொல்லும்போது அவர்களுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிடும்.

"அந்தம்மா ரயில் சத்தம் பிடிக்கிறவங்க லா."

உண்மைதான். ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் ஜொகூர் மாநிலத்தில் நிறையப் பேர் உண்டு. எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். பிரேமலா கையில் இருப்பது சோப்புக்கட்டி அளவுள்ள ஓர் ஒலிப்பதிவுக் கருவி. காற்று இரையாமலிருக்க அதன் தலையில் சாம்பல் நிற மயிர் உறை ஒன்றை மாட்டியிருப்பாள். அவள் கணவர் மூர்த்தி அதற்குப் பூனைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தார். "பூனைக்குட்டிய எடுத்துக்கிட்டு கெளம்பிட்டியா?" என்பார். பெக்கான் நானாஸில் பிறந்தவர் அவர். ரயிலே போகாத ஊர். பள்ளி பஸ் ஓட்டிப் பிழைத்த மனிதருக்கு, கண் முன்னால் போகிற ரயிலைப் பதிந்து வைத்து மறுபடி கேட்பது எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை.

பிரேமலா பிறந்தது லாயாங் லாயாங்கில். அவளுடைய அப்பாவுக்குக் கம்பிச்சடக்கு என்கிற ரயில் பாதையைப் பார்த்துக்கொள்ளும் கூட்டத்தில் வேலை. குடியிருந்த வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு வாழைத்தோப்பும் ஒரு சாக்கடையும்தான். சரக்கு வண்டி போனால் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். பயணிகள் வண்டிக்கு டம்ளர்கள் பேசாது, ஜன்னல் கதவு மட்டும் லேசாக அதிரும். இடைநிலைப் பள்ளிக்கு அவள் ரயிலில்தான் குளுவாங் போய் வந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கும். ரெங்கம் தாண்டினால் ரப்பர்ப் பால் காயும் வாடை உள்ளே வரும். யாராவது நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் பெட்டி முழுக்கப் பசிக்கும். மூன்றாம் பாரம் படிக்கையில் கணக்குப் பாடத்தை அவள் வீட்டில் செய்ததே இல்லை. ரயிலில், முழங்காலில் வைத்துச் செய்ததுதான். எழுத்து ஆடியாடிப் போயிருக்கும். "ரயிலில் எழுதியதா?" என்று ஆசிரியர் மலாயில் கேட்டுவிட்டுச் சரி போடுவார்.

கல்யாணமாகிக் குளுவாங்கில் ஒரு தாமானில், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில், குடியேறிய பிறகு, தொழிற்சாலை பஸ், ஓவர்டைம், பிள்ளை, வீடு என்று வருடங்கள் போயின. ரயிலை அவள் நினைக்கக்கூட இல்லை. இரட்டைத் தண்டவாளம் போடப்போகிறார்கள், பழைய நிலையங்களை இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதுதான் ஒருநாள் மூர்த்தியோடு மோட்டார் சைக்கிளில் லாயாங் லாயாங் போனாள். வாழைத்தோப்பும் இல்லை, வீடும் இல்லை. நின்றுகொண்டிருக்கையில் ஒரு சரக்கு வண்டி வந்தது. கைபேசியை எடுத்தவள் படம் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் பதிந்தாள். அன்றைக்குச் சமையலறையில் அதைப் போட்டுக் கேட்டபோது, இல்லாத டம்ளர்கள் கிணுகிணுப்பதுபோல் அவளுக்கு இருந்தது. அந்தத் தீபாவளிக்கு மகன் ரூபேந்திரன் நல்ல கருவியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தான்.

பிறகு ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள். ரயில் பிரியர்களின் குழு. வார இறுதியில் எங்காவது ஒரு பாலத்தடியில், வளைவில் கூடுவார்கள். பிரேமலாவுக்கும் அவர்களுக்கும் ஒரே ஒரு சண்டை. படம் பிடிக்கிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவள் உஷ் என்பாள். ஒரு நிமிஷம் அடங்குவார்கள். ரயில் வரும் நேரம் பார்த்து யாராவது, "அலமாக், லென்ஸ் மாத்தலயே!" என்று கத்துவார்கள். பதிவு பாழ். அந்தக் கூட்டத்திலேயே பெரிய குரல் கனகராஜுக்கு. ஆயர் ஈத்தாமில் லோரி பட்டறை வைத்திருந்தவர். "ரயில கண்ணால பாக்கணும் தங்கச்சி. காதுல கேட்டா அது ரயிலா, அரிசி மில்லா, யாருக்குத் தெரியும்?" என்று சீண்டுவார். பிரேமலாவுக்குக் கோபம் வரும். ஆனாலும் அவர் மனைவி ஷாமளா எப்போதும் ஒரு பெரிய பிளாஸ்கில் தேநீரும் வடையும் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுப்பதால், அந்தக் கோபம் நீடிக்காது. ஷாமளா மாரடைப்பில் இறந்த பிறகு கனகராஜ் கூட்டங்களுக்கு வந்தார், படம் எடுத்தார், யாரையும் சீண்டவில்லை.

அந்தக் குழுதான் ஒரு பிப்ரவரியில் ஜப்பானுக்குக் கிளம்பியது. வடக்கே ஹொக்கைடோ தீவில், பனிக்குள் ஓடும் கிளைப்பாதை ரயில்களைப் பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் பல நாள் ஆசை. சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்யும் லோஷினிதான் டிக்கெட், தங்குமிடம் எல்லாம் ஏற்பாடு செய்தாள்.

"குளுவாங்குல ஓடுற ரயிலு பத்தாதுன்னு ஜப்பான் போறியா?" என்றார் மூர்த்தி.

"பனியில ரயில் சத்தம் எப்படி இருக்கும்னு கேக்கணுங்க."

"ஐஸ் பெட்டிக்குள்ள தலைய விட்டுக் கேளு" என்றவர், மறுநாள் அவரே பண்டல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளிநாட்டுப் பழைய துணிகளை மூட்டையாக இறக்கி விற்கிற கடை. அங்கே குவியலைக் கிளறி, கருநீலத்தில் தடித்த ஜாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்து, அவளைப் போடச் சொல்லிப் பார்த்து, கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துவிட்டார். கடைக்குள் வியர்த்துக் கொட்டியது. "சரியா இருக்கு. செத்துப்போக மாட்ட" என்றார்.

தைப்பூசம் முடிந்த வாரம். வெயிலில் வெறுங்காலோடு கோயில் சுற்றி வந்த சூடு பாதத்தில் இன்னும் மிச்சமிருக்கையில் அவள் பனியில் கால் வைத்தாள். முதல் நாள் எல்லாரும் பிள்ளைகளாகிவிட்டார்கள். கனகராஜ்கூடப் பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "சீனி போட்டா ஐஸ் கச்சாங்" என்றார். ஒற்றைப் பெட்டி டீசல் ரயில்களில் ஏறினார்கள். உள்ளே சூடு கால் வழியாக வந்தது. ஜன்னல் கண்ணாடியில் படிந்த நீராவியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தார்கள். உறைந்த ஆறு, இலையில்லாத மரங்கள், பனியில் வயிறு புதைய நிற்கும் மான். வண்டி ஒவ்வொரு மானுக்கும் நின்று ஊதியது.

ஒரு வண்டியில் எதிர் இருக்கையில் வயதான ஜப்பானிய அம்மா ஒருவர், பிரேமலா கழற்றி மடியில் வைத்திருந்த ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு காலரின் உட்புறத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அங்கே மையில் எழுதியிருந்ததைப் பிரேமலா துணிக்கடைக்காரன் கிறுக்கியது என்று நினைத்திருந்தாள். லோஷினி கைபேசியை அதன்மேல் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, இது பேரு. யோஷிதாவாம். இந்த ஜாக்கெட் இந்த ஊரு ஆளோடது!"

விஷயம் புரிந்ததும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இறங்கும் வரைக்கும் பிரேமலாவை "யோஷிதா சான்" என்றே கூப்பிட்டார்.

மூன்றாம் நாள்தான் பிரேமலா காத்திருந்த நாள். ஆளில்லாத சின்ன நிலையம் ஒன்றில் இறங்கி, எதிர்த்திசை ரயில் காட்டுக்குள்ளிருந்து வருவதைப் பிடிப்பது, அடுத்த ரயிலில் ஏறிப் போவது என்று திட்டம். மற்றவர்கள் கேமரா முக்காலிகளை நட்டார்கள். அவள் தனியே தள்ளிப்போய், கையுறையைக் கழற்றி, கருவியை நீட்டிப் பிடித்தாள். இரும்புமேல் இரும்பு உரசும் கூர்மையான சத்தம், காடு முழுக்க எதிரொலிக்கும் ஹாரன் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. பனி மரத்திலிருந்து பொத்தென்று விழுந்தது. மறுபடி நிசப்தம். திடீரென வளைவில் விளக்குத் தெரிந்தது. அதற்கும் சத்தமில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான், பஞ்சு மூட்டைக்குள் யாரோ உறுமுவதுபோல ஒரு மெல்லிய இரைச்சல் வந்து, உடனே போய்விட்டது. படம் பிடித்தவர்கள் கை தட்டிக் குதித்தார்கள். பிரேமலா விறைத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன ஆன்ட்டி?"

"பனி எல்லாச் சத்தத்தையும் முழுங்கிருச்சும்மா. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று கிளம்பியது. பனி பக்கவாட்டில் அடித்தது. எல்லாரும் நிலையத்தின் காத்திருப்பு அறைக்குள் ஓடினார்கள். மர பெஞ்சுகள், நடுவில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அடுத்த ரயில் வரவேண்டிய நேரம் வந்தது, ரயில் வரவில்லை. ஒலிபெருக்கி ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது.

லோஷினி கைபேசியில் தேடினாள். "பாதையில பனி மூடிருச்சாம். பனி தள்ளுற வண்டி வரணுமாம். எப்பன்னு போடல."

படங்களைப் பார்த்து முடித்தார்கள். ரொட்டியைப் பங்கிட்டார்கள். பேச்சும் தீர்ந்தது. கனகராஜ் கேமராவைப் பைக்குள் வைத்தார். "குளிருல பேட்டரி செத்துப்போச்சு. உன் மெஷினுக்கு உயிர் இருக்கா தங்கச்சி?"

"ஜாக்கெட்டுக்குள்ள வச்சிருந்தேன் அண்ணே. இருக்கு."

"அப்ப நம்ம ஊரு சத்தம் ஏதாச்சும் போடேன். காதாவது சூடாவட்டும்."

அவர் கேட்டதே அவளுக்கு ஆச்சரியம். பழைய பதிவுகளைத் தள்ளிப் பார்த்தாள். லாயாங் லாயாங் பழைய நிலையத்தில், இடிப்பதற்கு முன் குழுவாகப் போய்ப் பதிந்தது கண்ணில் பட்டது. இஞ்சின் சத்தம் அதில் அருமையாக இருக்கும். போட்டாள்.

தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. மைனாக்கள் கத்தின. ரெங்கம் பக்கத்திலிருந்து தூரத்து ஹாரன். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முகம் இளகியது. லோஷினி கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது இஞ்சினுக்கு முன்னால் ஒரு பெண் குரல் வந்தது.

"ஏங்க, மஞ்சக் கோட்டத் தாண்டாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? ரயிலு வருதுல்ல?"

பிரேமலாவின் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அந்த மத்தியானம் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஷாமளா அப்படிக் கூப்பிட்டதில் பதிவு கெட்டுப்போனதென்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும் என்று இருந்தவள், சோம்பலில் விட்டுவிட்டாள்.

"நிப்பாட்டாத" என்றார் கனகராஜ்.

ரயில் வந்து, தடதடவென்று நிலையத்தையே தூக்கிக்கொண்டு போனது. பிறகு மழைச் சொட்டு. பிறகு சிரிப்போடு அதே குரல், இப்போது இன்னும் பக்கத்தில்: "கெடச்சுச்சா படம்? தல பூரா ஈரம். துண்ட எடுத்துத் தொடைங்க மொதல்ல. வாங்க, பசியாறப் போலாம்."

கனகராஜ் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஆயிரக்கணக்குல ரயில் படம் இருக்கு" என்றார். "அவ படம் சரியா ஒன்னும் இல்ல. எதுலயாவது ஓரத்துல அவ கொடை தெரியும், கை தெரியும். போன்ல அனுப்புன வாய்ஸ் எல்லாம் பழைய போனோட போயிருச்சு. அவ கொரல் எப்படி இருக்கும்னு சில நாள் நெனச்சு நெனச்சுப் பாப்பேன். வராது. இப்படித்தான் இருந்துச்சு. ஆமா, இப்படித்தான் என்னைய வெரட்டுவா."

"அண்ணே..."

"மறுபடி போடு தங்கச்சி."

பிரேமலா கருவியை அவர் கையிலேயே கொடுத்து, ஹெட்போனை மாட்டிவிட்டாள். எந்தப் பொத்தான் என்று காட்டினாள். தடித்துக் காய்த்துப்போன அந்தப் பட்டறை விரல் அதை அழுத்திவிட்டு, பின்னால் போய், மறுபடி அழுத்தியது.

பனி தள்ளும் வண்டி வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கனகராஜைத் தவிர எல்லாரும் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். பெரிய செந்நிற வண்டி, இரண்டு பக்கமும் பனியை இறக்கைபோல் வீசிக்கொண்டு, தரை அதிர உறுமிக்கொண்டு வந்தது. பனி விழுங்க முடியாத சத்தம் அது. பயணம் முழுக்க அவள் தேடிய சத்தம். கருவி உள்ளே கனகராஜிடம் இருந்தது. பிரேமலா கைகளை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வெறுமனே நின்று கேட்டாள். முகத்தில் பனித்துகள் வந்து மோதியது. வண்டி வளைவில் மறையும் வரைக்கும் பார்த்தாள். அந்தச் சத்தம் இன்றுவரை அவளிடம் இல்லை. யாராவது கேட்டால், வாயாலேயே அப்படியும் இப்படியும் உறுமிக் காட்டுவாள். மூர்த்தி அறையைவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஊர் திரும்பிய வார இறுதியில் கனகராஜ் குளுவாங்குக்கு வந்தார். வாட்ஸப்பில் அனுப்பினால் சத்தம் நசுங்கிவிடும், நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பிரேமலாதான் சொல்லியிருந்தாள். மகள் ஷர்மினியையும் கூட்டி வந்திருந்தார். மூர்த்தி தேநீர் கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். வரவேற்பறையில் பெரிய ஒலிபெருக்கியில் பிரேமலா அதைப் போட்டாள்.

ஷர்மினி முதலில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கனகராஜ் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயில் தடதடத்துப் போய் முடிந்து, "தல பூரா ஈரம்" என்று குரல் வந்ததும், அவள் கையை எடுத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பா, அம்மா ஒங்கள நல்லாத் திட்டுறாங்க" என்றாள். "ஆன்ட்டி, சத்தத்த இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்களேன்."

பிரேமலா கூட்டி வைத்தாள்.