வெள்ளைத் துணியில் சுற்றிய வரட்டி

காலை ஆறு பத்து. மாடிச் சன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது புகை. கீழ்வீட்டு அக்கா காம்பவுண்டு ஓரத்து வெந்நீர் அடுப்பின் முன் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். மார்கழிப் பனியில் விறகு நமுத்திருந்தது. பற்றவைக்க அவர் பால் கவரைக் கொளுத்துவார். அந்தக் கரும்புகை நேராக அவர்கள் படுக்கையறைக்குள் போகும். உள்ளே அவர் கணவர் படுத்திருந்தார். நெஞ்சுவலி வந்து பெங்களூரில் சேர்த்து, இரண்டு நாள் முன்புதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன்.

அடுப்பு பற்றவைக்க ஏதாவது செய்துகொடுக்கலாம் என்று தோன்றியது. மத்திகிரியில் மாடு வைத்திருப்பவரிடம் வரட்டி வாங்கினேன். சின்னத் துண்டுகளாக உடைத்து, நடுவில் கற்பூரம் வைத்து, தேங்காய் நாரால் சுற்றினேன். பிரிந்துவிடாமலிருக்க என் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டி, உருக்கிய தேன்மெழுகில் தோய்த்தெடுத்தேன். ஒன்றைக் கொளுத்திப் பார்த்தேன். ஈர விறகும் பிடித்தது, புகையும் குறைவு. பத்திரிகையில் இருந்த காலம் முழுக்க, பார்த்ததைப் பிசகாமல் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். அவற்றை மூங்கில் தட்டில் அடுக்கி, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று மேலே நாலு சாமந்திப்பூவும் வைத்து எடுத்துப்போனேன்.

அக்காவின் கணவர் கூடத்தில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன ரிப்போர்ட்டரே, எனக்கு எல்லாம் ரெடி பண்ணி எடுத்தாந்துட்டியா? வரட்டி, கற்பூரம், கோடித்துணி, பூ… பானை ஒண்ணுதான் கொறையுது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அப்போதுதான் என் கையில் இருந்ததை நானும் பார்த்தேன்.

“வாயக் கழுவுங்க!” அக்கா சமையலறையிலிருந்து வந்துவிட்டார்.

“அடுப்புக்குத்தான்க்கா… நீங்க ஊதிக் கஷ்டப்படுறீங்களேன்னு…”

அக்கா கணவரிடம் தெலுங்கில் வேகமாக ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு வராது. அதில் ‘சாவு’ என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. அது இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

“விடு, புள்ள நல்ல மனசுலதான் கொண்டாந்திருக்கு” என்றார் அவர், குரலை இறக்கி.

“மனசு நல்லதுதான். நான் ஒண்ணும் சொல்லல.” அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. “இத எடுத்துக்கிட்டுப் போயிடுங்க தம்பி. திங்கக்கெழம கத்தி வெக்கிற ஒடம்பு.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதற்கு என்று சொன்னால் அந்தச் சொல்லை நானும் ஒருமுறை அந்த வீட்டுக்குள் சொல்ல வேண்டியிருக்கும். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன். அக்கா வாசலில் நான் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.