பார்லி டீயும் இடது தோளும்

ஜப்பான் வெயில் நம்ம ஊர் வெயில் மாதிரி இல்லை. நம்ம வெயில் அடிக்கும். அது ஒட்டும். ஆகஸ்ட் மாதம் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்... அதோடு மரத்துக்கு மரம் சிள்வண்டுச் சத்தம், இரும்பைக் கிரைண்டரில் கொடுத்துத் தேய்க்கிற மாதிரி. இன்றைக்கும் ஷாப் ஃப்ளோரில் கிரைண்டர் ஓடினால் எனக்கு அந்த ஊர்தான் ஞாபகம் வருகிறது.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். திருமங்கலம் ரோட்டில் நான் வேலை பார்த்த கம்பெனி, மெஷின் பழக ஆறு மாத டிரெய்னிங் என்று என்னையும் துளசிராமையும் நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியது. நான் மதுரையில் பழங்காநத்தம். துளசிக்கு வீடு நாயக்கர் மஹால் பக்கம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன். எனக்குப் பொறுமை கிடையாது. அவனுக்குப் பொறுமையைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நடப்போம். மேப் எல்லாம் இல்லை. கால்வாய் ஓரமாகவே போவோம், பாலம் வந்தால் தாண்டுவோம். ஹாரன் சத்தமே இல்லாத தெருக்கள். வாசலில் பூத்தொட்டி, பூட்டாத சைக்கிள். துளசி ஒவ்வொரு சைக்கிளாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வருவான்.

"மாப்ள, ஒண்ணுலயும் பூட்டு இல்லடா!"

"நீ பாக்குற பார்வைக்கு நாளைக்கு எல்லாரும் பூட்டிருவாய்ங்க. வா."

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் மேளச் சத்தம் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் தெருத் திருவிழா. காகித விளக்குகள், சோயா சாஸ் தடவிச் சுடுகிற கணவாய் மீன் வாசனை, நீல அங்கி போட்ட ஆண்களும் பெண்களும். நடுவில் சாமி. மிகோஷி என்றார்கள். கருப்பும் தங்கமுமாக ஒரு குட்டிக் கோயில், அடியில் நீளமான கட்டைகள், கட்டைக்கு அடியில் வரிசையாகத் தோள்கள்.

என் கண் கட்டையில்தான் போய் நின்றது.

காரணம் உண்டு. சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்து அழகர் ஆற்றில் இறங்குவதைக் காட்டுவார். அழகரைச் சுமக்கிறவர்கள் வளைவில் திரும்பும்போது, உள்பக்கம் நிற்கிற ஆள் மேல எம்புட்டு வெயிட்டு இறங்கும் என்று ஒரு தடவை கேட்டேன்.

"சாமியப் பாருடா. கட்டையப் பாக்காத."

காலேஜில் அதைப் பேப்பரில் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். விடை வந்தது, நம்பிக்கை வரவில்லை. தோள் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நம்ம ஊரில் அதற்கு உரிமை வேண்டும், நமக்குக் கிடையாது. இங்கே?

"கேட்டுப் பாப்பமாடா?"

"சும்மா வா மாப்ள. நாம வெளியூர்க்காரய்ங்க. சாமியத் தொட்டா வெட்டிப்புடுவாய்ங்க."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீல அங்கி இல்லாத ஒரு ஆள்கூடக் கட்டைக்கு அடியில் இல்லை. தெருவுக்குத் தெரு அங்கி மாறுமாம்.

யோசித்ததில் தாகம். ஒரு சலூன் வாசலில் பெரிய தொட்டி, ஐஸ் தண்ணீரில் பாட்டில்கள் மிதந்தன. பக்கத்தில் ஆள் இல்லை. எடுத்தேன், திறந்தேன், குடித்தேன். பார்லி டீ. சர்க்கரை கிடையாது, வறுத்த வாசனை மட்டும்.

"டேய், கேக்காம குடிக்கிற?"

"நீர்மோர்ப் பந்தல்ல எவன்டா கேட்டுட்டுக் குடிப்பான்?"

சலூன்கார அம்மா வெளியே வந்தார். நீல அங்கி, தலையில் துண்டு, முகத்தில் சிரிப்பு இல்லை. அது சாமி சுமக்கிறவர்களுக்கு வைத்தது என்கிற வரைக்கும் எனக்கு ஜப்பானியம் புரிந்தது. துளசி இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டான்.

நான் குனியவில்லை. பாட்டில் காலி, இனிமேல் குனிந்து என்ன பிரயோசனம்? கட்டையைக் காட்டினேன், என் தோளைக் காட்டினேன். "சுமக்கிறேன்" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"போலீசுக்குத்தான் போன் போடுறாங்க" என்றான் துளசி.

திரும்பி வந்தபோது கையில் ஒரு மடித்த அங்கி. மகனுடையதாம். அவனுக்கு டோக்கியோவில் வேலை, இந்த வருடம் லீவு கிடைக்கவில்லையாம். என் மேல் போட்டுவிட்டு, சுமக்கிறவர்களை விசில் ஊதி நடத்தியவரைப் பார்த்துக் கத்தினார்: "இவர் நம்ம தெரு டீயைக் குடிச்சுட்டாரு. இடம் விடுங்க!"

விசில்காரர் சிரித்துவிட்டார். இடம் கிடைத்தது. உள்பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு நின்றேன்.

கட்டை இடது தோளில் ஏறியதும் மூச்சு நின்றது. பக்கத்தில் இருந்தவர்களை விட நான் உயரம். "வாஷ்ஷோய்! வாஷ்ஷோய்!" என்று அவர்கள் குதிக்க, நான் விறைத்துக்கொண்டு நிற்க, கட்டை என்னையே தேடி வந்து விழுந்தது. பூக்கடையில் இருந்து ஒருத்தர் வாளித் தண்ணீரை எங்கள் மேல் வீசினார்... அடேய், அழகருக்குப் பீய்ச்சுகிற அதே வேகம்! அந்தச் சிரிப்பில் கணக்கு மறந்துபோனது. அவர்கள் முட்டி மடங்கும்போது என் முட்டியும் மடங்கியது. வளைவு வந்தது. திரும்பினோம்.

வெயிட்டே தெரியவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. உள்பக்கம், வெளிப்பக்கம் எல்லாம் சும்மா. தாளம் தப்புகிறவன் தோளில்தான் மொத்தமும் இறங்குகிறது. என் பேப்பர் கணக்கில் எல்லாரையும் அசையாத தூணாகப் போட்டிருந்தேன்.

திரும்பி வந்தால் துளசி தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் டீ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, எம்புட்டு வெயிட்டு?"

"தெரியலடா."

"இதுக்குத்தான் இம்புட்டு அலம்பலா?"

இப்போது துளசி சென்னையில். நான் மதுரைக்கே வந்துவிட்டேன். போன சித்திரையில் கோரிப்பாளையம் பக்கம் நண்பர்கள் போட்ட நீர்மோர்ப் பந்தலில் நின்றேன். ஒரு வெள்ளைக்காரர் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் பர்ஸை எடுத்தார். வேண்டாம் என்றால் விடவில்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே... கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

"குடிச்சுட்டீங்கல்ல? ஊத்துங்க."

தமிழில்தான் சொன்னேன். புரிந்தது. பாதி மோர் தரையில் போனது. வரிசையில் நின்ற ஒரு அக்கா, "அண்ணே, டம்ளரு இங்கிட்டு இருக்கு!" என்று அவர் கையைப் பிடித்துத் திருப்பினார்.

இடது தோளைத் தடவிப் பார்த்தேன். அன்றைக்குக் கட்டை விழுந்து கன்றின இடம் எப்போதோ ஆறிப்போனது. தூரத்தில் அழகர் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் கட்டை தெரியவில்லை.

சாமிதான் தெரிந்தது.