ஓரகத்தியின் தட்டான் நாடு

என் ஓரகத்தி செந்தாமரை, பூதலூர்ப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள். அறுவடைக் காலத்தில் நாள் முழுக்க அங்கேதான் இருப்பாள். வீடு திரும்பும்போது தலைமுடியெல்லாம் நெல் தூசு. பார்த்தால் பால் வடியும் முகம். அவள் ரகசியமாக விஞ்ஞான நாவல் எழுதுகிறாள் என்று தெரிந்த அன்று எனக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அப்படியொரு எரிச்சல்!

பின்னே? இந்த வீட்டில் புத்தகம் படிக்கிறவள் நான். உளவு, ஒட்டுக்கேட்பு, மாய மோதிரம் என்று நூலகத்தில் இருக்கும் எதையும் நான் விட்டுவைத்ததில்லை. நானும் ஒரு நாவல் எழுதப்போகிறேன் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னதோடு சரி. இவளோ மூச்சுவிடாமல் ஒரு நோட்டை நிரப்பிவிட்டாள். கமுக்கக்காரி!

அவள் வேலைக்குப் போனதும் அவள் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் இருந்த அந்த நோட்டைத் தினமும் எடுத்துப் படித்தேன். கதை ஒரு நாட்டைப் பற்றியது. அங்கே வீட்டுக்கு வீடு தட்டான்பூச்சி பறக்கும். ஒவ்வொரு தட்டானின் கண்ணும் அரசாங்கத்தின் கண். நல்லவர்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்பது அந்த ஊர்ச் சட்டம். நிலவரசி என்ற பெண் மட்டும் மடியில் ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறாள். உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. நான் படித்த நாவல்களில் உளவு பார்க்கிறவன் சீருடையில் வருவான். இவள் கதையில் அடுத்த வீட்டுக்காரியே வருகிறாள், மோர் கடன் கேட்கிற சாக்கில். ஒரு குறை கண்டுபிடிக்க நாலு தடவை படித்தேன். கிடைக்கவில்லை. பாவி மகள், எங்கே கற்றாள் இதை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க நோட்டைப் படிக்கிறது எனக்குத் தெரியும்."

"யாருடி சொன்னா?"

"களத்துல நெல்லைக் குவிச்சா மேல சாம்பலால குறி போடுவோமே, கை வச்சா கலைஞ்சிடும்னு. அந்த மாதிரி நோட்டுக்குள்ளயும் ஒரு சிட்டிகை போட்டு வச்சேன். நீங்க துடைச்சே வச்சிட்டீங்க."

தூசு என்று நினைத்து முந்தானையால் துடைத்தவள் நான்தான். ஒவ்வொரு அறுவடைக்கும் களத்தில் குறி போடுகிறவளும் நான்தான். புத்தி எங்கே போயிற்று?

அவள் கோபப்படவில்லை. "ஒரு நாவல் போட்டிக்கு அனுப்ப நாளைக்குத்தான் கடைசி நாள்க்கா. முடிவு மட்டும் எழுதல, மனசுல இருக்கு. எவ்வளவு படிச்சவங்க நீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே. நல்லா இருக்குன்னா இன்னிக்கே எழுதிடுவேன்."

நல்லா இருக்குடி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே சொன்னேன்:

"சுமார்தான். இந்த மாதிரி எத்தனையோ வந்தாச்சு."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று எழுந்து போனாள். அதற்கப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை.

இது நடந்து இரண்டு வருடம். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், மூட்டைகளுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு. எனக்குத்தான் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மனம் நிலவரசியின் மடிக்கே போகிறது. டப்பாவுக்குள் என்ன இருந்தது? செந்தாமரையைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். சுமார் என்று சொன்ன கதைக்கு நான் எந்த முகத்தோடு முடிவு கேட்பது?